ஒப்புதல் தந்தவர்: ஒத்தாவியோ

எந்த ஊரில் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் நோலீன் டகெட் கணினியில் முதலில் தட்டுகிற பெயர் கிரேம் டகெட். ஊர், கெய்ர்ன்ஸ். தொழில், படகு. கடன் வரம்பு, பூஜ்யம். புதிய மென்பொருளில் ஒரு வாடிக்கையாளரைச் சேர்ப்பது எப்படி என்று காட்ட ஏதாவது ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. மற்ற பயிற்சியாளர்கள் 'சோதனை ஒன்று', 'சோதனை இரண்டு' என்று போட்டுக்கொள்வார்கள். நோலீன், விட்டுப்போன கணவரின் பெயரைப் போடுகிறார். அந்த கிரேமுக்கு ஒரு சரக்கை விற்பார். அவன் பணம் தரவில்லை என்று பதிவு செய்வார். கணக்கை முடக்குவார். முடக்கிய கணக்கில் மறுபடி விற்க முயன்று, திரையில் சிவப்பு எழுத்து வருவதை விரலால் சுட்டிக் காட்டுவார்.

"பாத்தீங்களா? விடாது."

வகுப்பு சிரிக்கும். அவர் சிரிப்பதில்லை. அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

கிரேம் போய்ப் பல வருடங்கள் ஆகியும் டகெட் என்ற குடும்பப் பெயரை அவர் விடவில்லை. பாசத்தால் அல்ல. "ஒரு பேரை மாத்தினா அது ஒட்டிக்கிட்டிருக்கற எடத்தையெல்லாம் தேடித் தேடி மாத்தணும். ஒண்ணு நிச்சயம் விட்டுப்போகும். அப்புறம் உலகத்துல ரெண்டு நோலீன் ஆயிடும்," என்பார். இரட்டைப் பதிவு என்பது அவர் தொழிலில் கொலைக்கு அடுத்த குற்றம்.

கிடங்கில் எத்தனை குழாய் இருக்கிறது, யார் பணம் தரவில்லை, யாருக்கு எவ்வளவு சம்பளம், எதை எப்போது வாங்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும் மென்பொருளை அவர் வேலை செய்யும் சிட்னி நிறுவனம் விற்கிறது. வியாபாரிகள் அதை ஆசைப்பட்டு வாங்குகிறார்கள், வாங்கிய பிறகு பயப்படுகிறார்கள். பயம் தெளியும்வரை கூட இருப்பது நோலீனின் உத்தியோகம். வாகா வாகாவில் வீடு. வெள்ளைக் காரின் பின்சீட்டில் மின்கம்பி நீட்டிப்பு, ஒட்டுத்தாள் பெட்டி, முதுகுக்கு ஒரு தலையணை, சொந்தக் கெண்டி. வாடிக்கையாளர் தரும் டீயை அவர் குடிப்பதில்லை. "அவங்க டீயைக் குடிச்சா அவங்க பக்கம் சாஞ்சிடுவோம். நான் சாயக் கூடாது." மதிய உணவு காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரொட்டிக்கு நடுவே பாலாடைக்கட்டி.

பழைய முறையை நிறுத்திப் புதியதைத் தொடங்கும் நாள் காலையில் எல்லோரையும் நிற்க வைத்து ஒன்றே ஒன்று சொல்வார். "அழணும்னா இப்பவே அழுதுக்குங்க. கடை தொறந்த அப்புறம் எனக்கு நேரமில்ல." சிலர் உண்மையிலேயே அழுதிருக்கிறார்கள். கௌராவில் ஒரு தீவனக் கடைக்காரர் பழைய திரையைத் தடவிக் கொடுத்தார். நோலீன் திரும்பிக்கொண்டு நின்றார்.

கிரிஃபித்தில் பொர்த்தோலான் சகோதரர்கள் நிறுவனத்துக்கு அவர் போனது வசந்தத்தின் தொடக்கத்தில். பம்ப்பு, குழாய், வால்வு, சொட்டுநீர்ச் சாமான்கள் விற்கிற இடம். ஊரைச் சுற்றி எந்தத் திராட்சைத் தோட்டத்தில் தண்ணீர் நின்றாலும் முதலில் ஃபோன் அடிப்பது அங்கேதான். நிறுவனத்தின் மொத்தக் கணக்கும் உர மூட்டைகளுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு சர்வரில் இருந்தது. அங்கே டிசம்பரில் தொடங்கும் கோடையில் அதற்கு மின்விசிறி போட்டு, மேலே ஈரத்துணி தொங்கவிடுவார்கள். ஒரு ஜனவரி மதியம் துணி காய்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. சர்வர் வாந்தியெடுப்பதுபோல ஒரு சத்தம் போட்டு அடங்கியது. அதை ஒருவழியாகப் பிழைக்க வைத்த பிறகு, கணக்குப் பிரிவைப் பார்க்கும் லூச்சியா, எல்லாவற்றையும் இணையத்துக்கு, மேகம் என்கிறார்களே, அதற்கு ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"மேகம்னா, எங்க இருக்கு அது?" என்று முதல் வகுப்பில் சியோனே கேட்டான். கிடங்குப் பொறுப்பாளன். டோங்காவிலிருந்து ஆரஞ்சு பறிக்க வந்து இங்கேயே நின்றுவிட்டவன். உட்கார்ந்தாலும் கதவை அடைக்கும் உடம்பு.

"உங்க ஊர்த் தோட்டத்துக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது?" என்றார் நோலீன்.

"கால்வாய்லேர்ந்து."

"கால்வாய்க்கு?"

"அணையிலேர்ந்து."

"அணையைப் போய்ப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"தண்ணி வருதில்ல? அவ்ளோதான். மாசாமாசம் கட்டறீங்க, மதகு தொறக்குது. கட்டலேன்னா மூடிடுவான்."

"வறட்சி வந்தா?"

"எனக்கு ஃபோன் பண்ணுங்க."

மென்பொருளுக்குச் சந்தா ஆளுக்கு ஒன்று. அதனால் யார் யாருக்கு லாகின் வேண்டும் என்று நோலீன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார். கூப்பிட்டவர் கையைத் தூக்க வேண்டும். பொர்த்தோலானில் எல்லாக் கைகளும் ஒழுங்காகத் தூக்கப்பட்டன, ஒன்றைத் தவிர.

"ஒத்தாவியோ பொர்த்தோலான். கொள்முதல் ஒப்புதல். இவர் ஏன் ஒரு வகுப்புக்கும் வரல?"

லூச்சியா அச்சு இயந்திரத்தைப் பார்த்தாள். மற்றவர்கள் லூச்சியாவைப் பார்த்தார்கள்.

"அவர் வர மாட்டாரு," என்றான் சியோனே.

"லீவா?"

"செத்துட்டாரு. மூணு வருஷமாச்சு. பெட்டியைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். நல்ல கனம்."

நோலீன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பழைய முறையின் பதிவுகளைத் திறந்து பார்த்தார். "போன வியாழக்கிழமை ஒரு ஃபோர்க்லிஃப்ட் வாங்க ஓகே குடுத்திருக்காரே?"

"ஆமா. நல்ல வண்டி," என்றான் சியோனே.

விஷயம் ஒளிவுமறைவு இல்லாதது. அண்ணன் ஒத்தாவியோ உட்கார்ந்து வாங்குபவர், தம்பி ரென்ஸோ வெளியே போய்ப் பொருத்துபவர். இளம் வயதில் கடை தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். ஒத்தாவியோ ஒரு புதன்கிழமை இறந்தார். அடக்கம் முடிந்து, அடுத்த வாரம் வந்த வியாழக்கிழமை மேசையில் ஆர்டர்கள் குவிந்து கிடந்தன, விற்பவர்கள் ஃபோனில் காத்திருந்தார்கள். ரென்ஸோ கையை முழங்கைவரை கழுவிவிட்டு வந்து, அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணனின் பெயரில் நுழைந்து, ஒவ்வொன்றுக்கும் 'ஒப்புதல்' என்று தட்டினார். கடவுச்சொல் ஊருக்கே தெரியும். அவர்கள் அம்மா பிறந்த கிராமம். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான் செய்தார். மூன்று வருடமாக அந்த ஒரு வாரம் முடியவில்லை.

ஒவ்வொரு ஒப்புதலும் மின்னஞ்சலாகக் கணக்குப் பிரிவுக்குப் போகும். லூச்சியா ஒத்தாவியோவின் மகள். வியாழன் தோறும் சாயங்காலம் அவளுடைய பெட்டியில் 'ஒத்தாவியோவிடமிருந்து' என்று வரிசையாக வந்து விழும்.

"அப்பா உசுரோட இருந்தப்போ எனக்கு இவ்ளோ மெயில் போட்டதில்ல," என்றாள் நோலீனிடம். தாளை அடுக்கத் தொடங்கினாள்.

"நீங்க சித்தப்பாகிட்ட சொல்லலாமே?"

"என்னத்தைச் சொல்றது? எங்கப்பாவை நிறுத்துங்கன்னா?"

ஆகவே நோலீனே சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலம் அறைக்குள் போனபோது ரென்ஸோ கை கழுவி, தலை வாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தட்டிக்கொண்டே போனார். ஒரு ஆர்டருக்கு ஒரு தட்டு. பார்வை திரையின் ஒரே மூலையில் நின்றது.

"படிக்க மாட்டீங்களா?"

"படிச்சு என்ன பண்ணப் போறேன்? ஓகே பண்றது அண்ணன்."

"ரென்ஸோ, புது சிஸ்டத்துல உசுரோட இருக்கறவங்க பேரைத்தான் போடணும்."

"யார் சொன்னா? மேகம் சொல்லுச்சா?"

"மேகத்துக்கு யார் செத்தா என்ன? நான் சொல்றேன். உங்க பேரைப் போட்டுடறேன். சின்ன வேலை."

"வேண்டாம்."

"ஏன்?"

"நான் பம்ப்பு மாட்டறவன். ஓகே பண்றவன் இல்ல. அவர் பண்ணினா யாரும் வாயைத் தொறக்க மாட்டாங்க. இன்னிக்கும் தொறக்கறதில்ல. நான் பண்ணினா ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்க."

"கேட்டா பதில் சொல்லுங்க."

ரென்ஸோ நாற்காலியைத் திருப்பினார். "ஏம்மா நோலீன், அந்த கிரேம் யாரு?"

"சோதனைக்குப் போட்ட பேரு."

"லூச்சியா சொன்னா. உன் புருஷனாமே. ஊர் ஊரா அவனைத் தூக்கிட்டுப் போயி, ஒவ்வொரு கடையிலயும் ஒக்கார வச்சு, கணக்கை முடக்கறியாமே. நான் எங்கண்ணனை ஒரே எடத்துலதான் ஒக்கார வச்சிருக்கேன். நம்ம ரெண்டு பேர்ல யாருக்குக் கிறுக்கு?"

நோலீன் மடிக்கணினியை மூடினார். மறுபடி திறந்தார்.

"கிரேம் சாகல," என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

நோலீன் காருக்குப் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு சிட்னிக்கு ஃபோன் செய்தார். விற்பனை மேலாளர் ட்ரெண்ட், முப்பது வயது, எதற்கும் தயங்காதவன்.

"செத்தவருக்கு லாகின் கேக்கறாங்க," என்றார்.

"எத்தனை பேரு?"

"ஒருத்தர்."

"சந்தா கட்டுவாங்களா?"

"கட்டுவாங்க."

"அப்புறம் என்ன பிரச்சினை? செத்தவருக்குன்னு தள்ளுபடி கேக்காம பாத்துக்குங்க."

நோலீன் அன்று இரவு ரொட்டியைப் பாதியில் மடித்து வைத்துவிட்டார். மறுநாள் ஒத்தாவியோவைப் பதிவு செய்தார். மேகத்தில் நுழையக் கடவுச்சொல் மட்டும் போதாது, ஒவ்வொரு முறையும் கைப்பேசிக்கு ஓர் எண் வரும், அதையும் தட்ட வேண்டும் என்றார். அதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். ரென்ஸோ மேசை இழுப்பறையைத் திறந்து, மடக்கும் வகைப் பழைய கறுப்புக் கைப்பேசி ஒன்றை எடுத்து வைத்தார். மின்னேற்றம் முழுதாக இருந்தது. மாதக் கட்டணம் ஒரு மாதம்கூட விடாமல் கட்டப்பட்டிருந்தது. நோலீன் சோதனைக்கு ஓர் எண்ணை அனுப்பினார். கைப்பேசி சேவல்போலக் கூவியது. ஒத்தாவியோ வைத்த சத்தம். அடுத்த அறையில் லூச்சியாவின் தட்டச்சு ஓசை நின்றது.

"வேலை செய்யுது," என்றார் ரென்ஸோ.

"செய்யுது," என்றார் நோலீன்.

அதற்குப் பிறகான வாரங்களில் அவர் சரக்குப் பட்டியலைச் சுத்தம் செய்தார். அது அவருக்குப் பிடித்த வேலை. ஒரே சாமான் இரண்டு மூன்று பெயரில் இருக்கும். உற்பத்தியாளர் தந்த எண்ணில் ஒன்று, ஒத்தாவியோ தன் வாய்க்கு வந்தபடி வைத்த பெயரில் ஒன்று. 'குட்டி மூக்கு', 'ஹான்வுட்காரன் வால்வு', 'பெரிய நீலம்'. எல்லாவற்றுக்கும் அளவும் எடையும் ஒப்பிட்டு, இரண்டை ஒன்றாக்கி, ஒன்றாக்கியதும் பென்சிலைக் காதில் செருகிக்கொள்வார். கிடங்குக்குள் போய் எண்ணவில்லை, எண்ணிக்கை பழைய பதிவிலிருந்து வந்தது. அதைச் சரிபார்ப்பது சியோனேயின் பொறுப்பு. சியோனே பெட்டிகளை எண்ணினான், திறந்து பார்க்கவில்லை.

புதிய முறை தொடங்கிய திங்கட்கிழமை வடக்கிலிருந்து அனல் காற்று. நோலீன் காலையில் எல்லோரையும் நிற்க வைத்து அழச் சொன்னார். யாரும் அழவில்லை. கடை திறந்ததும் முதலில் உள்ளே வந்தவர் பீனா ஸ்கிரிப்பா. ரென்ஸோவோடு பள்ளியில் படித்தவர், ஹான்வுட் பக்கம் திராட்சைத் தோட்டக்காரர். முந்தின நாள் அவருடைய பம்ப்பு எரிந்துபோயிருந்தது.

"கொடியெல்லாம் இப்பவே தலையைத் தொங்கப் போட்டுடுச்சு. நாளைக்குள்ள தண்ணி பாயலேன்னா இந்த வருஷம் பழத்தை மறந்துட வேண்டியதுதான். பம்ப்பு வருமா வராதா?"

அதே பம்ப்பு அடிலெய்டில் இருந்தது. மதியத்துக்குள் ஒப்புதல் போனால் இரவு லாரியில் ஏறும். விற்பனைப் பெண் பழைய பழக்கத்தில் நேராக ஆர்டரைப் போட்டாள். திரையில் எழுத்து வந்தது. 'ஒத்தாவியோவின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.'

ரென்ஸோ கை கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து, கடவுச்சொல்லைத் தட்டினார். கைப்பேசிக்கு எண் அனுப்பப்பட்டது என்றது திரை. சேவல் கூவவில்லை. மறுபடி அனுப்பினார். கூவவில்லை. கைப்பேசியை ஜன்னலோரம் கொண்டுபோனார். முற்றத்துக்குக் கொண்டுபோனார். எடைமேடை மீது ஏறி நின்றார்.

"முதலாளி, இன்னும் கொஞ்சம் மேல போனா கிடைக்கும்," என்று சியோனே ஃபோர்க்லிஃப்ட்டைக் கொண்டுவந்தான். மரத்தட்டில் ரென்ஸோ ஏறி நிற்க, அவரைக் கூரை உயரத்துக்குத் தூக்கினான். அண்ணனின் கைப்பேசியை ரென்ஸோ வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. பீனா நெற்றியில் கை வைத்து நிழல் கட்டிக்கொண்டு மேலே பார்த்தார்.

"அங்க என்ன பண்றான் இவன்?"

"ஒத்தாவியோவைக் கேக்கறாரு," என்றான் சியோனே.

லூச்சியாதான் வாசலுக்கு வந்து சொன்னாள். "சித்தப்பா, எறங்குங்க. போன வாரம் பழைய நெட்வொர்க்கை நாடு முழுக்க நிறுத்திட்டாங்க. அந்த மாதிரி ஃபோனுக்கெல்லாம் இனிமே ஒண்ணும் வராது. முன்கூட்டியே மெசேஜ் அனுப்பியிருப்பாங்களே?"

"வந்துச்சு," என்றார் ரென்ஸோ மேலிருந்து. "நெறைய வந்துச்சு."

"படிக்கலையா?"

"அவருக்கு வந்ததை நான் ஏன் படிக்கணும்?"

சியோனே அவரை மெதுவாக இறக்கினான். இறங்கும் வழியில் அவனுக்கு ஒரு யோசனை. "சிம்மை மட்டும் கழட்டி என் ஃபோன்ல போடுங்க முதலாளி. வந்தாலும் வரும்."

ரென்ஸோ கைப்பேசியைக் கவிழ்த்து, பின்மூடியின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தார். மூடி லேசாக விலகியது. அதற்குமேல் அவர் விரல் போகவில்லை. மூடியை அழுத்தி மூடினார். பிறகு நோலீனைப் பார்த்தார்.

கைப்பேசிக்கு எண் அனுப்பும் ஏற்பாட்டை அந்தப் பெயருக்கு மட்டும் நிறுத்திவைக்க நோலீனால் முடியும். இரண்டு தட்டு. ஒத்தாவியோ தடையில்லாமல் உள்ளே போய் ஒப்புதல் தந்திருப்பார், இன்னும் முப்பது வருடம் தந்துகொண்டிருப்பார். வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் எல்லா வழியையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று மற்ற பயிற்சியாளர்களுக்குப் பாடம் எடுப்பவர் அவர். இப்போது காதிலிருந்த பென்சிலை எடுத்தார். அதன் முனையைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

திறந்தவர் பீனா. "ரென்ஸோ, உங்கண்ணன்கிட்ட நான் எத்தனையோ தடவை வாங்கியிருக்கேன். நல்ல மனுசன். அடக்கத்துக்கு வந்து அழுதேன். இப்ப எனக்குத் தண்ணி வேணும். உனக்குக் கையில்லையா?"

அனல் காற்று முற்றத்தில் ஓர் அட்டைப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனது. ரென்ஸோ அது வேலியில் போய் முட்டும்வரை பார்த்தார்.

"என் பேரைப் போடு," என்றார் நோலீனிடம்.

போட்டார். ரென்ஸோவின் சொந்தக் கைப்பேசி சாதாரணமாக ஒரு மணி அடித்தது. அவர் எண்ணைத் தட்டினார். திரை திறந்தது. ஆர்டர் தெரிந்தது. நோலீன் பக்கத்தில் நின்று, கீழே பச்சை நிறத்தில் இருக்கும் பொத்தானைக் காட்டினார். ரென்ஸோ அதை அழுத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். உதடு அசைந்தது.

"என்ன பண்றீங்க?" என்றாள் லூச்சியா.

"என் பேரு போட்டிருக்கில்ல? படிக்க வேண்டாமா?"

படித்தார். இந்த விலை எப்போது ஏறியது என்று கேட்டார். லாரிக்காரன் யார் என்று கேட்டார். விற்பனைப் பெண் வியர்த்தாள். பீனா சுவரில் சாய்ந்தார். பிறகு ரென்ஸோவின் விரல் திரையின் வலது ஓரத்தில் நின்றது.

"இங்க கையிருப்பு நாலுன்னு இருக்கே. இது என்னது?"

"அது நம்ம கிடங்குல இருக்கறது," என்றார் நோலீன்.

"எது?"

"இதே பம்ப்பு. பழைய முறையில வேற பேர்ல இருந்துது. நான்தான் ரெண்டையும் சேத்தேன். 'பெரிய நீலம்'னு இருந்துது."

சியோனே தலையைச் சொறிந்தான். "பெரிய நீலமா? பின்பக்கம் தார்ப்பாய்க்குக் கீழ நாலு நீளப் பெட்டி கெடக்கு, மேல அப்படித்தான் எழுதியிருக்கு. நான் பெயிண்ட்டுன்னு நெனச்சேன்."

"யார் வாங்கினது?"

"ஒத்தாவியோ."

"எந்த ஒத்தாவியோ?" என்றார் ரென்ஸோ.

சியோனே கொஞ்சம் யோசித்தான். "முதல்ல ரெண்டு, அவரு. அப்புறம் ரெண்டு, நீங்க."

ரென்ஸோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் சிவப்பாக இன்னொன்று இருந்தது. பழைய முறையிலும் அப்படி ஒன்று உண்டு, மூன்று வருடத்தில் அதை யாரும் அந்த அறையில் தொட்டதில்லை. சொந்தப் பெயரில் ரென்ஸோ பொர்த்தோலான் செய்த முதல் காரியம், ஓர் ஆர்டரை நிராகரித்தது.

"பீனா, வண்டியைப் பின்பக்கம் கொண்டா. நானே வந்து மாட்டித் தரேன்."

பெட்டியை உடைத்தபோது உள்ளே பம்ப்பு நீலமாகத்தான் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அது ஹான்வுட்டில் இறங்கிவிட்டது. ரென்ஸோ திரும்பி வரும்போது முழங்கால்வரை சேறு. "பாயுது," என்றார் யாரையும் பார்க்காமல். கை கழுவாமலே நாற்காலியில் உட்கார்ந்து, காத்திருந்த மற்ற ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஆளாளுக்கு அழைப்பு போனது. ஏன் இத்தனை? ஏன் இவனிடம்? சாயங்காலத்துக்குள் கடையில் எல்லோரும் ஒத்தாவியோவை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள்.

"பெரிய முதலாளி தங்கம். ஒரு கேள்வி கேக்க மாட்டாரு," என்றான் சியோனே.

கடை அடைக்கும் நேரத்தில் ரென்ஸோ நோலீனைக் கூப்பிட்டார். லூச்சியாவும் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அண்ணன் பேரை அழிச்சிட்டா, இதுவரைக்கும் அவர் ஓகே பண்ணதெல்லாம் என்ன ஆகும்?"

"அழிக்கவே முடியாது, ரென்ஸோ. மேகத்துல யாரையும் அழிக்க விடாது. நிறுத்தி மட்டும்தான் வைக்கலாம். பழசுல அவர் பேரு அப்படியே இருக்கும். இனிமே புதுசா வராது."

"அப்படியே இருக்குமா?"

"கடை இருக்கறவரைக்கும்."

ரென்ஸோ தலையசைத்தார். நோலீன் ஒத்தாவியோவின் பக்கத்தைத் திறந்து சுட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். பயனரை நிறுத்த வேண்டுமென்றால் காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பட்டியல் விழுந்தது. வேலையை விட்டார். பணி நீக்கம். இடமாற்றம். ஓய்வு. ரென்ஸோ மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார்.

"இதுல அது இல்லையே."

"இல்ல. போனவங்களை இவ்ளோ நாள் யாரும் வச்சிருந்ததில்ல," என்றார் நோலீன்.

"லூச்சியா, எதைப் போட?"

லூச்சியா உள்ளே வந்து அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள்.

"ஓய்வுன்னு போடுங்க சித்தப்பா. அவர் எடுத்ததே இல்ல."

ரென்ஸோ ஓய்வைத் தேர்ந்தெடுத்தார். 'ஒத்தாவியோ பொர்த்தோலான் இனி உள்நுழைய முடியாது. தொடரலாமா?' என்று திரை கேட்டது. அவர் விரல் சுட்டியின் மேல் இருந்தது. முற்றத்தில் சியோனே இரும்புக் கதவை இழுத்து மூடும் ஓசை வந்து நின்றது.

நோலீன் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மேல்சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கைகளை முன்னால் கோத்து, தலையைச் சற்றே தாழ்த்தி, ரென்ஸோ அழுத்தும்வரை அப்படியே நின்றார்.